பெரிய வளையம்

மனைவி இறந்த இரண்டாம் மாதம் அவளுடைய கடைசிக் கட்டுரையின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. இடவியல் குவாண்டம் வளையம் ஒன்றை, அதாவது வட்டமாகக் கோத்த நுண்துகள்களின் அமைப்பை, திடீரென்று மாற்றினால், துகள்களுக்கு இடையே உள்ள பிணைப்பின் பழைய வடிவம் குலைந்துபோகும். ஆனால் சற்று நேரத்தில் தானாகவே திரும்பி வரும் என்று அவள் கணக்கிட்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு துகள்கள் கொண்ட வளையம். அதே கணக்கை நான் கணினியில் நாற்பது துகள்களுக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்ன நேரத்தில் எதுவும் திரும்பவில்லை. சின்ன வளையத்தில் அந்த மாற்றம் எழுப்பும் அலைகள் சீக்கிரமே சுற்றிவந்து சந்தித்துக்கொள்கின்றன. அதைத்தான் மீட்சி என்று நம்பிவிட்டாள்.

எங்கள் இருவரின் ஆய்வகத்திலேயே வேலைபார்க்கும் மைத்துனன் திரையை நெடுநேரம் பார்த்தான்.

"விட்டுடுங்க மாமா. யாரு இதைப் போய் நோண்டப்போறா?"

"உங்கக்கா நோண்டுவா. என் கணக்குல ஒரு புள்ளி தப்பினாலே வீட்டை ரெண்டாக்குறவ."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை.

"இன்னும் பெரிய வளையம் போட்டா?"

"பெருசாக ஆக, திரும்பி வர்றது தள்ளிப்போகும். கடைசியில வரவே வராது."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. மைத்துனன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.