வெர்னாவுக்கு ஓர் அலை

நோஹியா ஈரப்பஞ்சால் அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"விடிஞ்சிருச்சா?"

"விடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. தூங்குப்பா."

"வெர்னா வந்து காத்திருப்பாங்களே."

அவருடைய பாதங்கள் நீலம் பாரித்திருந்தன. காலையில் வந்த நர்ஸ் நோஹியாவைச் சமையலறைக்கு அழைத்துப் போய், இன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஹனலேய் வளைகுடாவுக்கு விடுமுறையில் வருகிறவர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தே அப்பா மோசஸ் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். அவருக்கு ஈரலில் புற்று வந்த பிறகு சொல்லிக்கொடுக்க நோஹியா தண்ணீரில் இறங்கினாள், அவர் கரையில் நாற்காலி போட்டுக்கொண்டார். அப்படிக் கடைசியாக உட்கார்ந்தது போன வாரம். நெப்ராஸ்காவிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த வெர்னா அன்று விழுந்துகொண்டே இருந்தாள். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையேறியபோது மோசஸ் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை நிப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

இன்று இரவு அவளுக்கு விமானம்.

"வேற யாரையாவது அனுப்புறேன்பா."

"வாக்குக் குடுத்தது நான். வேற எவன் போவான்? நீ போ."

கட்டிலின் மறுபக்கம் நின்ற கவிகா தங்கையைப் பார்த்தான். ஹோனலூலுவிலிருந்து முந்தின நாள் வந்தவன். "அவர் ஏதோ பிதற்றுறார் நோஹி. அதைக் கேட்டு நீ பலகையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவியா?"

"டேய், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் மோசஸ். பிறகு அவளிடம், "இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? என் வாயைத் துடைப்ப. இவனுக்கு அலைதான் வராது, வாய் துடைக்க வரும்."

கவிகா சிரிக்கப் பார்த்து, முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நோஹியா குனிந்து, அவர்கள் ஊர் வழக்கப்படி அப்பாவின் நெற்றியில் நெற்றியும் மூக்கில் மூக்கும் வைத்து மூச்சை இழுத்தாள். மருந்து வாடை அடித்தது.

"போய்ட்டு வரேன்பா."

"போய்ட்டு வா."

பஞ்சை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

வெர்னா கரையில் தனியாக நின்றிருந்தாள். பேரப்பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"அப்பா எப்படிம்மா இருக்கார்?"

"வீட்ல இருக்கார் ஆன்ட்டி. வாங்க, அலை நல்லா வருது."

மார்பளவு தண்ணீரில் நின்று நோஹியா பலகையைத் தள்ளிவிட்டாள். வெர்னா முட்டி போட்டாள், விழுந்தாள். நோஹியா மறுபடி தள்ளினாள். வெர்னா ஒரு காலை ஊன்றினாள், விழுந்தாள். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி இருமினாள். அடுத்ததில் இரண்டு காலும் ஊன்றிய மாத்திரத்தில் பக்கவாட்டில் சரிந்தாள்.

"போதும்மா. இந்த வயசுல எனக்கு எதுக்கு இது? நின்னுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிடு. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"அவர் நம்ப மாட்டார் ஆன்ட்டி. குனிஞ்சு காலைப் பாக்குறீங்க, அதான் கவுக்குது. கரையைப் பாருங்க. ஏறுங்க."

வெர்னா முனகிக்கொண்டே பலகையில் குப்புறப் படுத்தாள். அவளைத் திருப்பி விடும்போதுதான் நோஹியா கரையைப் பார்த்தாள். கவிகா நின்றிருந்தான். கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. காலில் ஷூவோடு அப்படியே தண்ணீரில் இறங்கி, முழங்கால் நனைந்ததும் நின்றுவிட்டான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

நோஹியா பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு அது? உன்னையேதான் பாக்குறார்."

"என் அண்ணன்."

"ஏதாவது அவசரமா? போகணும்னா போம்மா."

ஒரு சிற்றலை வந்து இருவரையும் தூக்கி இறக்கிவிட்டுப் போனது.

"இல்ல ஆன்ட்டி" என்றாள் நோஹியா. "அவசரம் ஒண்ணும் இல்ல."

அது பொய்யில்லை. அடுத்து வந்த அலையை விட்டாள். அதற்கடுத்ததையும் விட்டாள். மூன்றாவது அலை தூரத்திலேயே ஒழுங்காக, தடித்து எழுந்து வந்தது. "கரையைப் பாருங்க" என்று மறுபடி சொன்னாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போ" என்று முழு பலத்தோடு தள்ளினாள்.

வெர்னா எழுந்தாள். முழங்கால் மடிந்து, பின்புறம் பிதுங்கி, கைகள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிய, எழுந்து நின்றாள். விழவில்லை. அலை அவளைச் சுமந்துகொண்டு, நுரை அடங்கும் இடம் வரை, கவிகா நின்ற இடம் வரை கொண்டுபோய் விட்டது. அவன் குனிந்து பலகையைப் பிடித்து நிறுத்தினான்.

வெர்னா இறங்கியதும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். காற்றில் நோஹியாவுக்குக் கேட்கவில்லை. வெர்னாவின் முதுகு சிரிப்பில் குலுங்குவது மட்டும் தெரிந்தது. கவிகா தங்கையைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி அந்த ஈர முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.