ஒன்று இல்லாத வீடு

உறைபெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கிராமம் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பதாக துயெத்துக்குத் தோன்றும். வெண்புகை வழிந்து காலைச் சுற்றிக்கொள்ளும். விரல் நீளக் குழாய்களில் அறுபத்து மூன்று வீட்டு ரத்தம். ஈரலில் குடியேறும் வைரஸ் தாயிடமிருந்து எந்தப் பிள்ளைக்குப் போகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வடக்கே ஹனோயிலிருந்து நாட்டின் இந்தத் தெற்குக் கோடிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நாற்பத்தொன்றாம் வீட்டு முடிவு நேற்று வந்தது. இரண்டாம் எண் குழாயில் வைரஸ் நிறைந்து கிடந்தது. மூன்றும் நான்கும் சுத்தம். முதல் எண் குழாயே இல்லை. 'மூத்த மகள் ரத்தம் தரவில்லை போலும்' என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, கேள்விக்குறியும் போட்டிருந்தாள். எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு நான்காம் முறை சந்தேகப்படுகிறவள் அவள். 'இரண்டாம் பிள்ளை' என்று எழுதியதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அடுத்தவனான மகனிடம் நேரில் சொல்லக் காலையிலேயே கிளம்பினாள். படகை ஓட்டியவர் சுகாதார நிலைய ஊழியர் சாங். வீடு வீடாக ரத்தம் எடுத்துக் குழாய்களுக்கு எண் போட்டவரும் அவர்தான். வெள்ளக்காலம். மூடுபனியில் தென்னந்தலைகள் மட்டும் மிதந்தன. ஆகாயத்தாமரை விலகி வழிவிட்டது. மோட்டார் சத்தத்தில் அவளுக்குக் கண் சொருகியது. வாய்க்கால் கிளை பிரிந்தது, கிளையிலிருந்து இன்னொரு கிளை. பழுப்பான பெரிய ஈரல் ஒன்றுக்குள் படகு போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஓசையே இல்லை. எங்கோ கெட்டுப்போயிருந்தது, ஆனால் எதுவும் வலிக்கவில்லை.

"டாக்டரம்மா, தண்ணியில விழுந்தீங்கன்னா மீன்தான் உங்களுக்கு ரத்தம் எடுக்கும்!"

கண் விழித்தாள். வீடு வந்திருந்தது. வாசலில் தாய் சிற்றகத்திப் பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் ரத்தத்தில் வைரஸ் இருப்பது முன்பே தெரிந்த விஷயம். மகன் வலை தைத்துக்கொண்டிருந்தான்.

துயெத் அவனருகே உட்கார்ந்தாள். "தம்பி, உங்க ரத்தத்துல கிருமி இருக்கு. பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு."

அவன் முகம் வெளுத்தது. தாய் நிமிர்ந்தாள். "எத்தனாம் நம்பரும்மா?"

"ரெண்டு."

"ரெண்டா? இவன் மூணாச்சே!"

சாங் சிரித்துவிட்டார். "எங்க பக்கத்துல ஒண்ணுன்னு ஒரு பிள்ளையே கிடையாது டாக்டரம்மா. மூத்தது ரெண்டு, அடுத்தது மூணு. அப்படித்தான் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான் குழாயில எழுதுனேன். உங்க ஊர்ல இல்லையா?"

"ஏன் அப்படி?"

"ஆளுக்கொண்ணு சொல்வாங்க. மூத்த பிள்ளை மேல பேய்க்குக் கண்ணு, அதை ஏமாத்தத்தான்னு எங்கம்மா சொல்லும்."

துயெத் குறிப்பேட்டின் கேள்விக்குறியைப் பார்த்தாள். வராத குழாய் என்று ஒன்று கிடையவே கிடையாது.

"அப்போ ரெண்டு எங்க?"

"விடியறப்ப வலி கண்டுச்சு. மாப்பிள்ளை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். தலைப்பிரசவம்," என்றாள் தாய்.

துயெத் சட்டென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இத்தனை வைரஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்கு வழக்கமான தடுப்பூசி மட்டும் போதாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசியும் போட வேண்டும். தவறினால் கிருமி அந்தச் சின்ன ஈரலிலேயே ஆயுளுக்கும் தங்கிவிடலாம். அந்த மருந்து சாங்கின் நிலையத்துக் குளிர்பெட்டியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இது எதுவும் தெரியாது.

"தப்பு என்னோடது தம்பி, மன்னிச்சிருங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றபடியே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"அப்ப நான் சாகலையா?"

"வாயக் கழுவுடா, மூணு! அக்காவுக்குத் துணி எடுத்து வை," என்றாள் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நிலையத்தில் மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு படகு பறந்தது. பனி கலைந்து வெயில் வந்தது. துயெத் பெட்டியை மடியில் வைத்து, உறங்கும் பிள்ளையைப்போல் இரு கையாலும் அணைத்திருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் தடுப்பூசி போட்டாகிவிட்டது. மறு தொடையில் இரண்டாவது ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் உறங்கிவிட்டது.

"எனக்கு இருக்கிறது இதுக்கும் வருமா டாக்டர்?" படுக்கையிலிருந்து கேட்டாள் தாயானவள்.

"வராமத் தடுக்கத்தான் ஓடி வந்தேன். நேரத்துக்குப் போட்டாச்சு. ஆனா உறுதியா இப்பச் சொல்ல முடியாது. ஒரு வயசானதும் ரத்தம் பார்ப்போம்."

குறிப்பேட்டைத் திறந்த துயெத் பேனாவோடு தயங்கினாள். "குழந்தைக்கு என்ன எண் போடட்டும்?"

"மூத்தது தானே? ரெண்டு!" என்றார் சாங்.

எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் அன்று எழுதிய முதல் எண் அது. பிறகு முன்பக்கங்களைப் புரட்டினாள். வீட்டுக்கு வீடு ஓரத்தில் கேள்விக்குறிகள், மிதக்கும் தூண்டில்கள்போல.

"சாங் அண்ணா, திரும்பிப் போறப்ப முதல் வீட்டுத் துறையில நிறுத்துங்க. எல்லா வீட்டுக்கும் போய் எந்தக் குழாய் யாருதுன்னு கேட்கணும்."

"அறுபத்து மூணு வீட்டுக்குமா?"

"அறுபத்து ரெண்டு," என்றாள் துயெத். உடனே சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள்.