எட்டாவது அந்துப்பூச்சி

கீழ்வானம் செம்மை பூசிக்கொள்ள, கூரைதோறும் பனித்துளிகள் முத்தென உருள, வீடுகள் தோளோடு தோள் உரசி நின்ற அத்தெருவின் கடைக்கோடித் தோட்டத்தில் மாதுளையும் அவரைக்கொடியும் துயில் கலைந்து சிலிர்த்த வேளையில், கையில் உருப்பெருக்கியுடன் மதிற்சுவரை உற்றுநோக்கி நின்றார், அச்சகமொன்றில் முப்பதாண்டுகளாய்ப் பிறர் எழுத்தின் பிழை களைந்துவரும் மெய்ப்புத் திருத்துநர். படிப்பவரே, அவர் முகத்தில் பூத்திருந்த பெருமிதம் வெறுமனே வந்ததன்று. காண்டற்கரிய நேர்கோட்டு அந்துப்பூச்சிகள் ஏழினைத் தம் தோட்டத்தில் கண்டதாக அவர் வரைந்த மடலை நம்பி, பூச்சி ஆர்வலர் கழகத்தார் அன்று காலை வருவதாயிருந்தனர்.

தேநீர் கொணர்ந்த மனைவி, துணி வெட்டித் தைப்பதைத் தொழிலாகக் கொண்டவள், சுவரில் அருகருகே அமர்ந்திருந்த இரு பூச்சிகளையும் தையலின் ஒழுங்கு பார்க்கும் கண்ணால் பார்த்தாள்.

"ஏங்க, இது ரெண்டும் ஒண்ணில்ல. இதுல றெக்கைக் கோடு ஓரம் வரைக்கும் நேரா ஓடுது. அதுல கடைசியில மடிஞ்சிருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். குறிப்பேட்டில் தாம் வரைந்த ஏழு படங்களையும் புரட்டினார். ஏழிலும் கோடு மடிந்தே கிடந்தது. ஏழும் எங்கும் காணும் வளைகோட்டினம். இன்று புதிதாய் வந்த எட்டாவது ஒன்றே நேர்கோட்டினம். வருவோர் இதனைக் கண்டு மகிழ்ந்து போவர், ஏட்டை எவர் புரட்டப்போகிறார் என்று நெஞ்சின் ஒரு மூலை முணுமுணுத்தது. அந்நேரம் மதில்மேல் குருவியொன்று வந்து குந்த, அஞ்சியெழுந்த எட்டாவது பூச்சி இலைகளுக்கப்பால் பறந்து மறைந்தது. வாயிற்கதவும் கிறீச்சிட்டது.

"நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டுமா?" என்றாள் மனைவி, கணவரின் வெளிறிய முகம் கண்டு.

"வேணாம்மா. ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சவன் நான். இது என் தப்பு."

கழகத் தலைவியாகிய பல் மருத்துவரிடம் அவர் நேரே சென்றார். "நான் எழுதுன ஏழும் தப்புங்க. எட்டாவதா ஒண்ணு நிஜமாவே வந்துச்சு, இப்பத்தான் பறந்துடுச்சு. கண்டுபிடிச்சதும் நானில்ல, இவங்க."

உடன்வந்தோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தலைவியோ வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏழு தப்பைத் தானா வந்து சொல்றவரு, எட்டாவதுக்குப் பொய் சொல்வாரா? கழகப் பதிவேட்டை எடுங்க, எழுதிடுவோம்."

"அவர் பேரையே போடுங்க," என்று மனைவி நாணிப் பின்வாங்க, எழுதுகோலை வாங்கிய கணவர், கண்டவர் என்னும் கட்டத்தில் அவள் பெயரை எழுத்தெழுத்தாய், கோணாமல் எழுதினார். எழுதி நிமிர்ந்து நோக்கியபோது, அத்தனை ஆண்டுகளாய் அருகிருந்து படித்த அம்முகத்தில் தாம் படியாது தாண்டிப்போன வரிகள் எத்தனை எத்தனையோ என்று எண்ணினார். இனியேனும் நிறுத்தி நிதானமாய்ப் படிக்க நாள்கள் எஞ்சியுள்ளனவே என்று மகிழ்ந்தார்.