உப்புப் போத்தல் இரண்டு

நானும் டிலுக்சனும் பிரிந்து ஒன்பது மாதமாகியிருந்தது. டூங்கபித் தமிழருக்குள் சிறந்த தம்பதிக்கான கேடயம் எங்களுக்குக் கிடைத்ததும் அதே ஒன்பது மாதத்துக்குள்தான்.

கேடயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பிரிவு. எங்களுக்குள் அடிதடி இல்லை, குடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. கட்டிப் பத்து வருடத்தில் இரண்டு பேரும் கதைக்கிற விசயம் சுருங்கிச் சுருங்கி, மஞ்சள் மூடி போட்ட குப்பை வாளியை இந்தக் கிழமை வைப்பதா அடுத்த கிழமை வைப்பதா என்பதில் வந்து நின்றது. கடைசியில் அதிலும் சண்டை. அன்று மேசையில் எதிரெதிரே இருந்து, இது இனிச் சரிவராது என்று முடிவெடுத்தோம். எங்கள் கலியாண வாழ்க்கையில் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

ஆனால் அப்போதுதான் டிலுக்சனின் தங்கை றம்யாவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை அனோஜ், பேர்ள் அன்ரியின் ஒரே மகன். பேர்ள் அன்ரி தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் முதல் வாங்கில் இருக்கிறவர். அவருடைய கணவர் றெஜினோல்ட் அங்கிள் அன்ரியை எல்லா இடமும் காரில் ஏற்றி இறக்குவார். அன்ரிக்கு முழங்கால் வருத்தம், காலை நீட்ட வேண்டும் என்று எப்போதும் பின் சீற்றில்தான் ஏறுவார். மன்னாரில் இருந்து வந்த குடும்பம், மானம் மரியாதை பார்க்கிற ஆட்கள். பெண்ணின் அண்ணன் குடும்பமே பிரிந்து கிடக்கிறது என்று தெரிந்தால் பேச்சுக்கால் அந்தரத்தில் நின்றுவிடும்.

“றம்யாவின்ர கலியாணம் முடியுமட்டும் நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்” என்றார் டிலுக்சன்.

ஓம் என்றேன். றம்யா நல்ல பிள்ளை.

ஆகவே ஒரே வீட்டுக்குள் பிரிந்தோம். இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கும் இடமிருக்கிறது. முன் அறை எனக்கு, பின் அறை அவருக்கு. மகள் மெலனிக்கு எட்டு வயது. அவள் நாலு இரவு என்னோடு, மூன்று இரவு அப்பாவோடு. பிரிட்ஜில் ஒரு கலண்டர் ஒட்டி, என் இரவுகளுக்குச் சிவப்பும் அவருடைய இரவுகளுக்கு நீலமும் அடித்தோம். ஞாயிறு பின்னேரம் மெலனி தலையணையையும் துணி முயலையும் தூக்கிக்கொண்டு, “பாய் மம், சீ யூ வெனஸ்டே” என்று சொல்லி, பதினொரு அடி நடந்து அப்பாவிடம் போய்ச் சேருவாள். விடிந்ததும் என் பக்கத்தில் இருந்துதான் பாண் சாப்பிடுவாள். ஆனால் சட்டம் எண்ணுவது இரவுகளை.

குசினியிலும் பாகப்பிரிவினை. றைஸ் குக்கர் இரண்டு, மிளகாய்த்தூள் இரண்டு, உப்புப் போத்தல் இரண்டு. மெலனியின் பராமரிப்புப் பணத்தை டிலுக்சன் மாதம் தவறாமல் என் கணக்கில் போடுவார். போட்டுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்து, “போட்டாச்சு” என்று சொல்லிவிட்டும் போவார். நானும் “கிடைச்சுது” என்பேன். புருசன் பெண்சாதியாக இருந்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு மரியாதையாகக் கதைத்ததில்லை.

முதியோர் இல்லத்தில் எனக்குப் பகுதிநேர வேலை. தனித்தாய் என்று அரசாங்கம் தந்த உதவிப் பணத்தை நான் செலவழிக்காமல் அப்படியே சேர்த்தேன். பென்டில் ஹில்லில் இரண்டு அறை யூனிட் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். மெலனியின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். கலியாணம் முடிந்த அடுத்த கிழமை அதன் கதவுத் திறப்பு என் கையில். அந்த ஒரு திறப்பை நினைத்துத்தான் ஒன்பது மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிக்க வேண்டியிருந்தது. அன்ரியும் அங்கிளும் வருகிறார்கள் என்று போன் வந்தால் வீடு போர்க்களமாகும். கலண்டர் மெத்தைக்குக் கீழே போகும். ஒரு றைஸ் குக்கர் உடுப்புத் துவைக்கிற மெசினுக்குள் இறங்கும். டிலுக்சனின் தலையணை என் கட்டிலுக்கு வரும். முதல்முறை அரை மணித்தியாலம் எடுத்தது. ஆறாம் முறை நாலு நிமிடத்தில் முடித்தோம்.

இனிக் கேடயம். தமிழ்க் குடும்ப தினத்தில் தம்பதிகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கணவனின் சப்பாத்து என்ன அளவு, மனைவி எத்தனை மணிக்குத் தேத்தண்ணி குடிப்பார், இப்படி இருபது கேள்வி. இருபதும் சரி. ஒரே வீட்டில் எல்லை பிரித்து வாழ்கிறவர்களுக்கு எதிர்த்தரப்பின் நடமாட்டம் அத்துப்படியாக இருக்கும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. விழாவை நடத்திய தேவராஜா அங்கிள் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் தந்து, படத்தை பேஸ்புக்கிலும் போட்டார். “இளம் தம்பதிகளுக்கு ஒரு முன்மாதிரி” என்று கீழே எழுதியிருந்தார்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. உதவிப் பணம் தருகிற அலுவலகத்திலிருந்து. இருவரின் முகவரியும் ஒன்றாக இருக்கிறது, நீங்கள் பிரிந்துதான் வாழ்கிறீர்கள் என்பதை உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் இத்துடன் உள்ள போமில் நிரப்பி உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது டொலரைத் திருப்பிக் கட்ட வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கலியாணம் சனிக்கிழமை.

யூனிட்டுக்குச் சேர்த்த காசும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினித் தரையில் இருந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க ஏலாது என்பார்கள். நாங்கள் மறைத்துவிட்டோம். இப்போது அந்தப் பூசணிக்காயை ஒருவராவது கண்டேன் என்று சொல்ல வேண்டும். ஒருவரும் இல்லை.

யோசித்து யோசித்து நாட்களை ஓட்டிவிட்டு, கடைசியில் செவ்வாய்க்கிழமை தேவராஜா அங்கிளிடம் போனேன். அவர் சமாதான நீதவான். முத்திரை வைத்திருக்கிறவர் இரகசியத்தையும் வைத்திருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

அங்கிள் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“டிலுக்சன் குடிக்கிறவரோ?”

“இல்லை அங்கிள்.”

“கை நீட்டுறவரோ?”

“சீச்சீ, இல்லை.”

“வேற எங்கையாவது தொடர்பு?”

“அவர் வேலைக்குப் போனா வருவார், சாப்பிடுவார், படுப்பார்.”

“பிறகென்ன கண்டறியாத பிரிவு?” அவர் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, உண்மையைச் சொல்லு. கவுண்மேந்துக் காசுக்காகப் பிரிஞ்ச மாதிரி நடிக்கிறியளோ?”

“அங்கிள், நாங்கள் ஒண்டா இருக்கிற மாதிரித்தான் ஒன்பது மாசமா நடிக்கிறம்!”

“அந்தக் கேடயத்தை உங்களுக்கு என்ர கையாலயெல்லே தந்தனான். இருபதுக்கு இருபது! பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்று போமைத் திருப்பித் தந்தார். ஆனால் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அங்கிளின் சத்தியம் ஒருநாள் நின்றது.

புதன்கிழமை பின்னேரம், போன் இல்லை, ஒன்றுமில்லை, பேர்ள் அன்ரி வாசலில் நின்றார். கார் வெளியே நின்றது, றெஜினோல்ட் அங்கிள் இறங்கவில்லை. கலண்டர் பிரிட்ஜில் கிடந்தது. டிலுக்சன் தன் தாச்சியில் தன் முட்டையைப் பொரித்துக்கொண்டிருந்தார். நான் என் அடுப்பில் என் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் வேண்டும், எங்களுக்கு நாலு செக்கன்கூடக் கிடைக்கவில்லை. அதே நேரம் பார்த்துப் பின் அறைக் கதவு திறந்தது. தலையணையோடும் முயலோடும் மெலனி வந்தாள்.

“ஹாய் அன்ரி. இட்ஸ் மம்ஸ் நைட்” என்று சொல்லிவிட்டு முன் அறைக்குள் போனாள்.

டிலுக்சனின் முட்டை கருகியது. றம்யாவின் கலியாணம் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை தைத்து வைத்திருக்கிற வெள்ளைச் சட்டை கண்ணுக்குள் வந்தது. எல்லாம் எங்களால்தானே.

அன்ரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். “போம் எங்க?”

“என்ன போம் அன்ரி?” என்றார் டிலுக்சன்.

“தேவராஜா சொன்ன போம். கொண்டாரும். பேனையும் கொண்டாரும்.”

கொண்டுவந்து கொடுத்தோம். அன்ரி ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

“சமையல் வேற வேறயோ? ஓம். உப்புப் போத்தல் ரெண்டு.”

“அன்ரிக்கு அது எப்பிடி…” என்று நான் தொடங்கினேன்.

“பேச்சுக்காலுக்கு வந்த முதல் நாளே தெரியும். நீ சீனியை எங்க வைச்சனி எண்டு தேடி அலுமாரியைத் திறந்தனான். உப்பு ரெண்டு, மிளகாய்த்தூள் ரெண்டு. ஒண்டில டி எண்டு வேற எழுதிக்கிடக்கு. அடுத்தமுறை கை துடைக்கத் துவாய் தேடினா, மெசினுக்குள்ள றைஸ் குக்கர். சோத்தையே பிள்ளை தோய்க்கிறனீங்கள்?”

டிலுக்சன் அடுப்பை நிறுத்தினார். “அப்ப ஏன் அன்ரி கலியாணத்துக்கு ஓமெண்டனீங்கள்?”

“என்ர பெடியன் றம்யாவையெல்லே கட்டுறான். உங்கட குக்கரையே கட்டுறான்?” அன்ரி நிமிராமல் எழுதினார். “சனிக்கிழமை தாலி ஏறினா நான் உங்களுக்குச் சம்பந்தி. சொந்தக்காரர் கையெழுத்து வைக்க ஏலாதெண்டு இதில போட்டிருக்கு. இண்டைக்கு நான் பிறத்தி. அதுதான் ஓடி வந்தனான்.”

கடைசிக் கேள்வி, இவர்கள் பிரிந்திருப்பது உமக்கு எப்படி உறுதியாகத் தெரியும் என்பது. அதில் மட்டும் அன்ரி நெடுநேரம் எழுதினார். பிறகு கையெழுத்து வைத்து, போமை மடித்து என்னிடம் தந்தார். நான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

“அன்ரி, ரெண்டு உப்புப் போத்தலைப் பாத்தா ஆரும் மறந்து ரெண்டு வாங்கினதெண்டுதானே நினைப்பினம்? நீங்கள் எப்பிடி…”

“எங்கட வீட்டில முப்பத்தொரு வருசமா ரெண்டு, பிள்ளை” என்றார் அன்ரி. “எங்களுக்கு உந்தப் போமை ஒருத்தரும் தரேல்லை.”

காரின் பின் கதவைத் திறந்து ஏறினார். அங்கிள் திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தார். முழங்கால் வருத்தம் என்று எத்தனை வருடம் நம்பியிருக்கிறோம்.

போம் வியாழன் காலையே போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை றம்யாவுக்குத் தாலி ஏறியது. நானும் டிலுக்சனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கடைசித் தடவையாகப் படத்துக்குச் சிரித்தோம். அடுத்த கிழமை திறப்பை வாங்கினேன். திருப்பிக் கட்ட ஒன்றுமில்லை என்ற கடிதம், யூனிட்டுக்கு வந்த முதல் கடிதம்.

அந்தச் சனிக்கிழமை பேர்ள் அன்ரி யூனிட் பார்க்க வந்தார். தனியாக, ரயிலில். முழங்காலில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு புது உப்புப் போத்தலை எடுத்துக் குசினியில் வைத்தார். என் அறையைப் பார்த்தார், மெலனியின் அறையைப் பார்த்தார், கட்டிலை அமத்திப் பார்த்தார். பிறகு பிரிட்ஜில் கிடந்த கலண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

“ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூண்டு நாளும் பிள்ளையின்ர அறை சும்மாதானே கிடக்கும்?”

“ஓம் அன்ரி.”

அன்ரி அந்த மூன்று நீலக் கட்டங்களையும் விரலால் தொட்டார். நான் மேசை லாச்சியைத் திறந்து பச்சைப் பேனையை எடுத்துக் கொடுத்தேன்.