திருப்பிக் கேட்ட தேன்

ஜப்பானின் சுஷிமாத் தீவில் தேனீ இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மொரியோவின் வீடு வெகுகாலம் அப்படி ஒரு வீடாக இருந்தது. அவர் ஹகாதா துறைமுகத்திலிருந்து வரும் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். மனைவி மிசாயோ இந்த ஊர்க்காரி. ஊரில் பாதிக்கு மேல் அபிரு குடும்பங்கள். அபிரு என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள் என்பதால் வீட்டுப் பெயர்தான் புழக்கம். கிணற்றுவீடு, மேல்வீடு, துறைவீடு. மொரியோவுக்கு அதுவும் இல்லை. எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. தலை நரைத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாப்பிள்ளைதான்.

ஓய்வு பெற்ற குளிர்காலத்தில் தேனீ வளர்க்க ஒரு கட்டையை உளியால் குடைந்தார். இடுப்பு உயரம். பக்கத்து வீட்டுத் தொகுஜி பழைய மெழுகு கொஞ்சம் கொடுத்தார். அதை உள்ளே தேய்த்து, சரிவில் தெற்குப் பார்க்க நிறுத்தி, பலகை மூடி, மேலே கல் வைத்தார். சித்திரை முடிவதற்குள் ஒரு கூட்டம் வந்து குடியேறிவிட்டது. அதிர்ஷ்டம் என்றார் தொகுஜி. மொரியோ அப்படி நினைக்கவில்லை.

இங்கே தேன் எடுப்பது வருஷத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில். கட்டையின் நடுவில் இரண்டு மூங்கில் குச்சிகள் குறுக்காகச் செருகியிருக்கும். அடைகள் அறுந்து விழாமல் தாங்குவதற்கு. கத்தி நிற்க வேண்டிய இடமும் அதுதான். குச்சிக்கு மேலே இருப்பது மனிதனுக்கு, கீழே இருப்பது பூச்சிக்கு.

புதுக் கட்டையின் முதல் தேன் ஊருக்கு. வீட்டுக்கு ஒரு பாட்டில். மிசாயோ பதினோரு பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

மொரியோ மூடியைத் திறந்து, மரச்சுத்தியால் கட்டையைப் பக்கவாட்டில் தட்டினார். தேனீக்கள் மெல்லக் கீழே இறங்கின. வளைந்த கத்தியை விட்டு அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, துணியில் போட்டுத் தொங்கவிட்டார். பிழியக் கூடாது. பிழிந்தால் மகரந்தம் கலந்து புளிக்கும். தேன் தானாகச் சொட்ட வேண்டும். சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது பாட்டில் வரும். இரண்டு நிறையாது.

எந்த இரண்டு வீட்டை விடுவது? திரும்பவும் கட்டைக்குப் போனார். மலையடிவாரத்தில் சோபா தானிய வயல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு ஐவிக் கொடி பூக்கும். நிரப்பிக்கொள்ளும் என்று நினைத்தார். குச்சிக்குக் கீழே ஒரு சாண் அறுத்தார்.

“பதினொண்ணும் நெறஞ்சிடுச்சா?” என்று கேட்டாள் மிசாயோ.

“நெறஞ்சிடுச்சு.”

பாட்டில்கள் வீடு வீடாகப் போயின. பதிலுக்குக் காய்ந்த கணவாய் வந்தது, உலர்ந்த காளான் வந்தது, மேல்வீட்டு ரெய்ஜி சர்க்கரைவள்ளி மாவு கொடுத்தனுப்பினார். தொகுஜி மட்டும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதல் வருஷமே இவ்வளவா, என் கட்டைகளெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்றார். ஒருநாள் கூட்டுறவுக் கடையில் யாரோ இரண்டு பேர் மாப்பிள்ளை என்று சொல்லாமல் ‘மொரியோ வீட்டுத் தேன்’ என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அன்று அவர் சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தார்.

பிறகு புயலின் வால் தீவைத் தொட்டது. சோபா சாய்ந்தது. ஐவி பூத்த நாளெல்லாம் மழை. தேனீக்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. மழை விட்டபோது குளிர் வந்துவிட்டது. மொரியோ கட்டையின் அடியைப் பிடித்துச் சற்றே தூக்கிப் பார்த்தார். மரத்தின் கனம் மட்டும்தான் இருந்தது.

தொகுஜியைக் கூப்பிட்டார். தொகுஜி தூக்கிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், வாசல் வழியாகக் குனிந்து பார்த்தார்.

“குச்சி எங்க இருக்கு மாப்ள?”

மொரியோ கையால் காட்டினார். கத்தி போன இடத்தையும் காட்டினார்.

“இப்படியே போனா வருஷப் பிறப்பைத் தாண்டாது.”

சர்க்கரைப் பாகு வைக்கலாமே என்றார் மொரியோ. இந்தக் குளிரில் பாகு ஆகாது, தண்ணீரை வற்றவைக்க அதுகளுக்குச் சூடு போதாது, வயிறு கெட்டுப்போகும் என்றார் தொகுஜி. கெட்டியான தேன்தான் வேண்டும். அதுவும் தன் தேனோ ஊரில் மற்றவர் தேனோ கூடாது. இந்தக் கோடையில் தன் கட்டை இரண்டில் புழு செத்துப்போனது, மற்ற வீட்டுக் கட்டைகளிலும் இருக்கலாம், அந்த நோய் தேனோடு ஒட்டிக்கொண்டு வரும். கடைத் தேன் எந்த நாட்டுப் பூச்சியுடையதோ.

“அதோட சொந்தத் தேன்தான் அதுக்கு மருந்து. வெச்சிருக்கியா?”

“இருக்கு.”

“எங்க?”

“பதினோரு வீட்டுல.”

தொகுஜி சிரிக்கப் பார்த்தார். மொரியோவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மிசாயோவிடம் அன்று சாப்பாட்டின்போது சொன்னார். குச்சிக்குக் கீழே அறுத்ததையும் சேர்த்து. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“குடுத்ததத் திருப்பிக் கேட்ட மாப்பிள்ளைன்னு என்னைப் பொதைச்ச பிறகும் பேசுவாங்க.”

“தெரியும்.”

“அவங்க குடுத்த கணவாயத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது? தின்னு தீத்தாச்சு.”

அவள் எழுந்து போய், அகன்ற வாயுள்ள ஜாடி ஒன்றைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை கிளம்பினார். வாய் வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு குளிரைப் பற்றி, பிறகுதான் தேனுக்கு வந்தார். பேராசைப்பட்டு அறுத்துவிட்டேன், பூச்சி பட்டினி கிடக்கிறது என்று தலை குனிந்து சொன்னார். துறைவீட்டில் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது, கொடுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் இருமலுக்காக அதில் முள்ளங்கியை நறுக்கிப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் பாட்டிலைச் சுரண்டி ஒரு கரண்டி தேறியது.

கிணற்றுவீட்டில் ஃபுஜினோ தனியாக இருந்தாள். பாட்டில் திறக்கப்படாமல், இறந்துபோன புருஷனின் படத்துக்கு முன்னால் இருந்தது. அவள் படத்தருகே இருந்த மணியை ஒருமுறை தட்டி, கைகூப்பிவிட்டு, பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

மொரியோ கையை நீட்டத் தயங்கினார். படைத்ததை எடுக்கலாமா என்று கேட்டார்.

“அந்த மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி. பாத்தது போதும், எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை.”

மேல்வீட்டு ரெய்ஜி மீன்பிடிக் கூட்டுறவின் தலைவராக இருந்தவர். கதவைப் பாதி திறந்து நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். மொரியோ பேசி முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

“குடுத்தத திருப்பிக் கேக்கற வழக்கம் இந்த ஊர்ல இல்ல.”

கதவு மூடியது. அதன் பிறகு மூன்று வீடு பாக்கி இருந்தது. மொரியோ படிக்கட்டில் சற்று நேரம் நின்றார். ஜாடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அந்த மூன்று வீட்டுக்கும் போனார்.

வீட்டுக்கு வந்தபோது ஜாடி முக்கால் நிறைந்திருந்தது. போதுமா என்று தொகுஜிக்கே தெரியவில்லை. கட்டையைச் சுற்றி வைக்கோல் பாய் கட்டினார்கள். வாசலை ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கினார்கள். வெயில் ஏறிய மதியங்களில் மட்டும் தட்டையான தட்டில் தேன் ஊற்றி, மூழ்கிச் சாகாமல் இருக்க வைக்கோல் துண்டுகளைப் போட்டு, அடியில் தள்ளி வைத்தார் மொரியோ. மறுநாள் தட்டு துடைத்ததுபோல் இருக்கும். பனி பெய்த வாரம் தட்டு வைக்கவில்லை. தினமும் காதை மட்டும் வைத்தார். உள்ளே, தூரத்தில் கொதிக்கும் கெட்டில் போல ஒரு சத்தம். சில நாள் அது அவருடைய காதுக்குள் கேட்கிற சத்தமோ என்று சந்தேகம் வந்தது. அப்போது மிசாயோவைக் கூப்பிட்டார். அவளும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “கொதிக்குது” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஊரில் பேச்சு நடக்காமல் இல்லை. கூட்டுறவுக் கடையில் ஒருவர் அவருக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை திருப்பிக் கேட்கமாட்டேன் என்றார். மொரியோ வாங்கித் தின்றார்.

ஜாடியில் ஒரு விரற்கடை தேன் மிச்சம் இருந்தபோது குளிர் விட்டது. வீட்டின் பின்னால் கமேலியா பூத்திருந்தது. ஒரு காலையில் வாசலில் நாலைந்து தேனீக்கள் வந்து நின்றன. அவற்றில் ஒன்று பறந்து போய், காலில் மஞ்சளாக மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்தது. குஞ்சு இருந்தால்தான் மகரந்தம் வரும். மொரியோ வைக்கோல் பாயின் கயிற்றை அவிழ்த்தார்.

சித்திரையில் கூட்டம் பிரிந்தது. பழைய ராணி பாதிப் பேரை அழைத்துக்கொண்டு கிளம்பி, சரிவின் மேல் கறுப்புப் புகைபோல ஏறிப் போனது. மொரியோவால் பின்னால் ஓட முடியவில்லை. அரை மணி நேரத்தில் ரெய்ஜி வீட்டிலிருந்து போன் வந்தது. பூச்சி தன் வீட்டுக் காக்கிப் பழமரத்தில் தொங்குகிறது என்றார் ரெய்ஜி.

மரத்தின் கீழ்க்கிளையில் கூட்டம் பலாப்பழம்போல் தொங்கியது. ரெய்ஜி கையில் ஒரு பாட்டிலுடன் நின்றார். மிசாயோ கழுவிக் கவிழ்த்த பாட்டில்களில் ஒன்று. உள்ளே உலர்ந்த காளான் நிறைந்திருந்தது. வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள்.

“அன்னிக்கு நீ வந்தப்ப இது காலி. மூணே நாள்ல தின்னுட்டேன். சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.”

மொரியோ பாட்டிலை வாங்கிக்கொண்டார். கூரை இறவாரத்தின் கீழே ஒரு பழைய கட்டை கிடந்தது. குளவி வந்து பூச்சியைக் கொன்ற வருஷத்திலிருந்து காலியாகக் கிடக்கிறது என்றார் ரெய்ஜி. மொரியோ அதை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சிலந்தி வலையைத் துடைத்தார்.

“இதுல விடறேன். உங்க மரத்துக்குத் தானே வந்துச்சு.”

“விட்டா திருப்பித் தர மாட்டேன்.”

“தெரியும்.”

உள்ளே கையை விட்டுப் பார்த்தார். மூங்கில் குச்சிகள் மக்கிப்போயிருந்தன. வேலியோரம் போய் இரண்டு மூங்கில் வெட்டிச் சீவிக் கொண்டுவந்தார். கட்டையில் புதிதாகத் துளை போட ஆரம்பித்தார். பழைய துளைக்கு ஒரு சாண் மேலே.

ரெய்ஜி குனிந்து பார்த்தார். “பழைய ஓட்டைலயே போடு மாப்ள. இப்படிப் போட்டா எனக்குத் தேன் கொறையும்.”

“கொறையட்டும்” என்றார் மொரியோ, தலை நிமிராமல். துளையிலிருந்து மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.