எழுபத்து மூன்று நாளில் முடிந்த மூன்று நாள் வேலை

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, உத்தரவாக வந்தது.

"ஆம்புலன்ஸ் டிரைவரைப் பத்தி எழுதுறே, பல் டாக்டரைப் பத்தி எழுதுறே, பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட விடலை. என் வேலையைப் பத்தி ஒரு வரி உண்டா?" என்று என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பிறகு பேசலாம். (பிறகு என்றால் கதையின் கடைசியில். தயவுசெய்து இப்போதே அங்கே தாவாதீர்கள், மானம் போய்விடும்.)

2.

முதல் தொடக்கம்: அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரில் காலை வெயில் பட்டு

வேண்டாம். கண்ணாடியும் வெயிலும் இல்லாத அலுவலகக் கதை எங்கே இருக்கிறது?

இரண்டாம் தொடக்கம்: அவள் ஒரு மென்பொருள் குழுவின் தலைவி. ஆறு பேர், இரண்டு ஜன்னல், எப்போதும் பழுதாகிக் கிடக்கும் ஒரு காபி மெஷி

"அது நல்லாத்தான் ஓடுது. அபாண்டமா எழுதாதே" என்றாள், என் தோளுக்குப் பின்னால் நின்றபடி.

சரி, மெஷின் ஓடட்டும்.

3.

இப்போது கொஞ்சம் பாடம். ஓடிவிடாதீர்கள், ஒரே பத்திதான்.

அவர்கள் இரண்டிரண்டு வாரமாக வேலை செய்வார்கள். அந்த இரண்டு வாரத்துக்குப் பெயர் ஸ்பிரிண்ட். கணினியில் ஒரு போர்டு, அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. கார்டைக் கையில் எடுத்ததிலிருந்து முடிக்கும்வரை ஆகும் நாள்கள்தான் சைக்கிள் டைம். மற்ற எட்டுக் குழுக்களும் பதினைந்து நாள், இருபது நாள் என்று முக்கி முனகிக்கொண்டிருக்க, என் மனைவியின் குழுவுக்குச் சராசரி நான்கே நாள்! மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் எல்லோர் முன்னாலும் அந்த எண்ணைக் காட்ட வேண்டும். காட்டினால் ஒன்பது குழுக்களுக்கும் அவளே தலைவி. ஒன்பது குழுக்களுக்கும் அந்த நான்கு நாள்தான் கெடு.

4.

இங்கே ஒருவர் வருகிறார். குழுவில் பட்டப்பெயர் 'சந்தேகம்'. மென்பொருளைச் சோதிப்பவர். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்ப்பவர். (இவ்வளவு பொருத்தமான ஆளை நான் கற்பனை செய்திருந்தால் எனக்கே நம்பிக்கை வராது. நிஜம்தான் என்று மனைவி அடித்துச் சொல்கிறாள்.)

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அவர் கேட்டாராம்:

"ஏம்மா, திரையில எழுத்தைப் பெரிசாக்குற அந்தப் பட்டன் எத்தனை நாள்ல முடிஞ்சுது?"

"மூணு நாள் அண்ணா. போர்டுலயே இருக்கே."

"அதெப்படி? நான் அதை முதல்ல சோதிச்சப்போ என் பொண்ணுக்குப் பல்லே முளைக்கலை. இப்போ என் விரலைக் கடிக்கிறா."

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு இருவரும் தோண்டினார்கள். அகப்பட்டது அவர்களுடைய சொந்த வழக்கம். ஸ்பிரிண்ட் முடியும்போது ஒரு கார்டு பாக்கி இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, திங்கட்கிழமை அதையே புதுக் கார்டாக நகலெடுப்பார்கள். ஒதுக்கியது கணக்கில் வராது. புதியது பூஜ்யத்திலிருந்து ஓடும். பட்டன் இப்படி ஐந்து ஸ்பிரிண்ட் ஒதுங்கி, ஆறாவதில் மூன்றே நாளில் 'முடிந்தது'. எடுத்த நாள்கள் எழுபத்து மூன்று.

எல்லாக் கார்டையும் அப்படித் திரும்ப எண்ணினால் சராசரி இருபத்தாறு. எட்டுக் குழுக்களையும்விடக் கடைசி!

வழக்கத்தைக் கொண்டுவந்தவள் என் மனைவியேதான். "போர்டு பளிச்சுனு இருக்கணும்னு ஆசைப்பட்டேன். வேற ஒண்ணுமே நினைக்கலை" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்களாம். சிரித்து முடித்ததும்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

5.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் கைவசம் உள்ளன.

(அ) நான்கு என்றே காட்டுகிறாள். பதவி வருகிறது. எட்டுக் குழுக்களும் நான்கு நாளுக்குள் முடிக்க முடியாமல் திணறி, கடைசியில் நகலெடுக்கக் கற்றுக்கொள்கின்றன. கம்பெனியே பளிச்.

(ஆ) உண்மையைச் சொல்கிறாள். மேலாளர் நெகிழ்ந்துபோய் எழுந்து கைதட்டு

"அவர் அழுகாச்சி சினிமா பாத்தாக்கூட நெகிழமாட்டார். அந்த வரியை அடி" என்றாள். அடித்துவிட்டேன்.

(இ) சரியாகப் பதினோரு மணிக்கு மின்சாரம் போகிறது.

"வெட்கமா இல்லை உனக்கு?"

இருந்தது.

6.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடியபடி கேட்டாள்:

"கதையை எப்போ ஆரம்பிச்சே?"

"புதன்கிழமை. நீ வந்து சொன்னியே, அன்னிக்குத்தான்."

ஒற்றைச் செருப்போடு வந்து என் கணினியைத் திறந்தாள். 'கதை புதுசு'. 'கதை ரொம்பப் புதுசு'. 'கதை இதுதான் கடைசி'. 'கதை சத்தியமா கடைசி'. மொத்தம் பத்தொன்பது கோப்புகள். எல்லாம் அவள் வேலையைப் பற்றி, எல்லாம் பாதியில். ஒவ்வொரு முறையும் பழையதை ஒதுக்கிவிட்டு, "இப்பத்தான் ஆரம்பிச்சேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பியிருக்கிறாள்.

"அட திருடா" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு. அத்தனை பேர் முன்னாடி தனியா நின்னு அசடு வழிய முடியாது. துணைக்கு ஒருத்தர் வேணும். நீ உண்மையான தேதியைக் கதைக்கு அடியில போட்டு பதினோரு மணிக்குள்ள எனக்கு அனுப்பு. நான் இருபத்தாறுன்னு மாத்திடுறேன்."

"நான் அனுப்பலைன்னா?"

"நாலுன்னுதான் இருக்கு. அப்படியே விட்டுடுவேன். நானும் மனுஷிதானே?"

7.

மணி 10.52.

தொடங்கியது: பதினான்கு மாதத்துக்கு முன், அவள் கேட்ட அதே ஞாயிற்றுக்கிழமை.
ஆன நாள்கள்: 425.

அனுப்பிவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்றும் ஒரு வரி சேர்த்தேன், அது கதையில் இல்லை.

10.58க்குப் பதில் வந்தது:

"அண்ணா பக்கத்துல இருந்து பாத்தார். 425 தப்பாம், 426ஆம். ஆரம்பிச்ச நாளையும் எண்ணணுமாம். அந்தக் கணக்குல என்னோடதும் 27 ஆயிடுச்சு! போட்டுட்டேன். உள்ளே போறேன்."

தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலிலிருந்து குதித்து ஓடியது.

அதன்பிறகு ஃபோன் பேசவில்லை. இப்போது 11.20. பதவி வந்ததா, இருந்ததும் போயிற்றா, எனக்குத் தெரியாது. மாலையில் அவளிடம் கேட்டுவிட்டு ஒழுங்காக எழுதலாம்தான். ஆனால் அது இருபதாவது கோப்பாகிவிடும், என் கை எனக்குத் தெரியாதா?

அவர்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வேலையைச் செய்தவரே 'முடிந்தது' என்று போட்டுக்கொள்ளக் கூடாது, சோதித்தவர்தான் போட வேண்டும். எனவே கீழே ஓர் இடம் விட்டிருக்கிறேன். நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள்.

தொடங்கிய நாளையும் எண்ணுங்கள்.

முடிந்தது: