சோளமாவுப் பனி

கைப்பிடிக்குள் மூட்டை ஒருமுறை நசுங்குகிறது, நறுக்கென்று ஒரு சத்தம், பனியில் ஒரு கால் விழுகிறது, அப்படி விழுந்ததாகத்தான் நம்பவேண்டும், பெரம்பூரில் ஃபேனை அணைத்துவிட்டு சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் ஷெரின் பனியை எங்கே கண்டாள், ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் சுரண்டி எடுப்பதைத் தவிர. பழைய சாக்ஸில் சோளமாவை அடைத்துக் கட்டி மைக்குக்குப் பக்கத்தில் பிசைந்தால் பனியில் நடக்கும் சத்தம் வரும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள், வீடியோ கேமுக்கு ஒலி சேர்க்கும் படிப்பே அப்படித்தான், எதுவும் அதுவாக இருப்பதில்லை, எலும்பு முறிவது கேரட், மழை பெய்வது எண்ணெயில் பொரியும் அப்பளம், அதெல்லாம் வந்துவிட்டது, இந்தப் பனி மட்டும் அவள் உயிரை வாங்குகிறது.

திரையில் அடிபட்ட தங்கையை முதுகில் சுமந்துகொண்டு ஒருத்தி பனிமலை ஏறுகிறாள், அவள் நடைக்குச் சத்தம் சேர்ப்பதுதான் கடைசிப் பயிற்சி, இது தேறாவிட்டால் பட்டயம் கிடையாது, பேங்க் வேலையை உதறிவிட்டு வந்ததற்கு அர்த்தமும் கிடையாது. பாடம் எடுக்கும் பிரகலாதன் சார் ஹெட்ஃபோனைக் கழற்றி, கைதான்மா கேக்குது, கால் கேக்கல என்றார், அடுத்த வாரமும் அதையே சொன்னார், அதற்கடுத்த வாரம் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள், சார், நீங்க பனியில நடந்திருக்கீங்களா. இல்ல, வெளையாடுறவனும் நடந்திருக்க மாட்டான், ஆனா நம்பணும்ல என்றார் அவர், அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்து பிசைகிறாள், பிசைந்துகொண்டே இருக்கிறாள், கதவு திறக்கிறது, அப்பா நிற்கிறார், மாவு பிசையறதுக்கா பேங்க் வேலைய விட்ட என்று கேட்கிறார், மைக் ஓடும்போது வாய் திறக்கக் கூடாது என்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம், தொண்டைவரை வந்ததை விழுங்கினாள், அப்பா பதிலுக்காக நின்றார், அந்த அமைதியில் மூட்டையைப் பிடித்திருந்த அவள் முஷ்டி ஒரே ஒருமுறை இறுகியது. மறுநாள் அப்பாவின் குரலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டுக்காட்டியபோது பிரகலாதன் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார், இதான்மா கால், இதே மாதிரி இன்னும் பத்து கொண்டா, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா பொம்மை நடக்கிற மாதிரி இருக்கும்.

பத்துக்கு எங்கே போவாள், அதே மூட்டை, அதே வேர்வை, எத்தனைமுறை பிசைந்தாலும் மாவு மாவாகவே கேட்கிறது, நாளைக் காலை ஒப்படைக்கவேண்டும், வெட்கத்தை விட்டு அப்பாவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினாள், அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களேப்பா, அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க, கோவமா சொல்லுங்க. அப்பா சங்கடப்பட்டார், கோபத்தைத் தேடிப்பார்த்தார், கிடைக்கவில்லை, அவள் விரலிடுக்கில் சிவந்து உரிந்திருந்த தோலைத்தான் பார்த்தார், கை வலிக்கலையாம்மா என்றார் மெல்ல. கெடுத்தீங்களேப்பா என்று கத்த வந்தது, மைக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது, விழுங்கினாள், கண் பொங்கிப் பனிமலை கலங்கியது, கைப்பிடிக்குள் மூட்டை மெதுவாக, பாரத்தோடு நசுங்கியது, ஒரு கால் விழுந்தது, இன்னும் ஒன்பது.